கரடிக்கு வேர்க்கவில்லை

"தலையை உள்ளே விடுடா," என்றாள் அத்தை.

ஒட்டடை கரடியைப் பார்த்தான். வெள்ளைக் கரடி, பஞ்சு மூக்கு, வாயில் கறுப்பு வலை. உடம்பு கொக்கியில் தொங்கியது. தலை மட்டும் அத்தை கையில் கவிழ்ந்த அண்டா மாதிரி இருந்தது. அதை அவள் அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தே, துப்பறியறதுன்னா கோட்டு, தொப்பி, பூதக்கண்ணாடின்னு நெனச்சு வந்தேன். நீங்க என்னை ஊரான் அக்குளுக்குள்ள தலையை விடச் சொல்றீங்க."

"அக்குள் உடம்புல இருக்கு. இது தலை. விடு."

அவனை ஒட்டடை என்று ஊரே கூப்பிடுவதற்குக் காரணம் ஒட்டடைக் குச்சி மாதிரியான அவன் உயரமும் ஒல்லியும்தான். அத்தை துப்பறிகிறவள். அவன் அவளுடைய அண்ணன் மகன். அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை வண்டி ஓட்டுவது, எழுதிக்கொள்வது, நாறுகிற இடத்தில் முதலில் மூக்கை நீட்டுவது. இந்த மூன்றாவது வேலையைப் பற்றிச் சேரும்போது யாரும் மூச்சு விடவில்லை.

விட்டான். விட்ட வேகத்தில் வெளியே வந்தான்.

"உவ்வே! ஈரம் அத்தே! நேத்து வேர்வை, இன்னும் காயல! என் காதுல ஒட்டிக்கிச்சு!" காதை சட்டையில் தேய்த்தான், அப்புறம் அந்தச் சட்டையையே கழற்றி எறிந்துவிடலாமா என்று யோசித்தான்.

"என்ன வாசனை?"

"வாசனையா? சீ! புளிச்ச வேர்வை, நனைஞ்ச நாய், அப்புறம்... பூண்டு. பச்சைப் பூண்டு. யாரோ பூண்டைத் தின்னுட்டு உள்ளேயே மூச்சு விட்டிருக்கான்."

"ம்," என்றாள் அத்தை. அவள் 'ம்' என்று சொன்னால் பாதிக் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு அவன் இன்னும் எதை எதை மோந்து பார்க்க வேண்டியிருக்குமோ என்று மூக்கைத் தடவிக்கொண்டான்.

விஷயம் இதுதான். மாலின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் கடை. கடைக்கு முன்னால் கரடி வேஷத்தில் ஒருவன் ஆடுவான், குழந்தைகள் மொய்க்கும். நேற்று மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேங்குக்குப் போகிறேன் என்று கிளம்பிய முதலாளி, சாயங்காலம் தன் கடையின் குளிர் அறைக்குள்ளேயே விறைத்துக் கிடந்தார். சரக்கு வண்டிக்காரன் பெட்டிகளை இறக்கக் கதவைத் திறந்தவன் அலறிவிட்டான். உயிர் இருந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறார்.

கதவுக்கு வெளியே தாழ் போட்டது யார் என்று போலீஸ் கேட்டதும், கல்லாவில் உட்காரும் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "நான்தாங்க போட்டேன்," என்றாள். அவ்வளவுதான். அப்படியே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். அவள் புருஷன், பஸ் டிரைவர், காலையில் சீருடையைக்கூட மாற்றாமல் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தாழ் திறந்திருந்துச்சு, போட்டேன், உள்ளே ஆள் இருந்தது தெரியாதுங்கறா மேடம். பொய் சொல்லத் தெரியாதவ. எனக்குப் பிறந்த நாளுக்கு என்ன வாங்கியிருக்கேன்னு முதல் நாளே சொல்லிடுவா. அவளைப் போய்க் கொலைகாரிங்கறாங்க," என்றான்.

அதனால்தான் இப்போது இந்த நாற்றம்.

கடையைத் திறந்துவிட்ட முதலாளியம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையில் ஓரமாக நின்றாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அழுத கண். அத்தை குளிர் அறைக் கதவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனத்த எஃகுக் கதவு. தலை உயரத்தில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி, அதற்கு மேலே கரடி தொங்குகிற கொக்கி. பக்கத்துச் சுவரில் முதலாளியின் கைவண்ணத்தில் ஒரு அட்டை: 'இந்தத் தாழ் திறந்திருப்பதைக் கண்டும் போடாமல் போகிறவர்களுக்கு அரை நாள் சம்பளம் கிடையாது.'

"உள் பக்கம் திறக்கறதுக்கு ஒரு குமிழ் இருக்கணுமே? வெறும் ஓட்டைதான் இருக்கு. துணியை வெச்சு அடைச்சிருக்கு."

"அவர்தான் கழட்டிட்டார்," என்றாள் முதலாளியம்மா. "வெயில் காலத்துல வேலைக்காரங்க உள்ளே போய் நின்னு ஆறிக்கிறாங்கன்னு கோவம். மாட்டிக்குவோம்கற பயம் இருந்தா போக மாட்டாங்கன்னார்."

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நாள் பூராவும் அடுப்பு மாதிரி வேகிற மனுஷங்கள் ஒரு நிமிஷம் குளிர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காகக் கதவின் குமிழைக் கழற்றி வைத்த மனுஷன். ஒட்டடைக்கு அந்தக் கரடித் தலையே பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போது பின்கதவு வழியாக முதலில் ஒரு சென்ட் வாசனையும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும் வந்தார்கள். முதலாளியம்மாவின் தம்பி. கடையில் அவனுக்குப் பெயர் பவுடர். முகத்தில் அரை டப்பா, தலையில் முன்பக்கம் தூக்கி வாரிய கொண்டை. இவன்தான் எட்டு வருஷமாக அந்தக் கரடி. போலீஸின் முக்கிய சாட்சியும் இவன்தான்.

"மத்தியானத்துல இருந்து சத்தம் கேக்கற வரைக்கும் நான் கரடிக்குள்ளதான் இருந்தேன்," என்றான். "வாய் வலை வழியா இந்த நடை நேரா தெரியும். கல்லாக்காரம்மா வந்தாங்க, அந்தக் கண்ணாடி வழியா உள்ளே பார்த்தாங்க, மாமா இருக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டே தாழைப் போட்டாங்க. போன வாரம் மாமா அவங்களை எல்லார் முன்னாடியும் திட்டினார், அந்தக் கடுப்பு. கண்ணால பார்த்தேன், பார்க்கலேன்னு எப்படிச் சொல்றது?"

"அந்தம்மா, தாழ் போடறப்ப கரடி இந்தக் கொக்கியில தொங்கிட்டிருந்ததுன்னு சொல்லுது," என்றாள் அத்தை. "கரடி இங்கே தொங்கினா கண்ணாடியை மறைச்சிடும். உள்ளே பார்க்கவே முடியாது."

"அது எப்படிங்க தொங்கும்? கரடிக்குள்ள நான்ல இருந்தேன்!"

சரிதான். கரடி ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கொக்கியில் இருந்திருந்தால் அந்தம்மா வீட்டுக்கு, ஆள் மேல் இருந்திருந்தால் ஜெயிலுக்கு. ஒரு பொம்பளையின் தலையெழுத்து இந்த நாறிப்போன பஞ்சு மூட்டையில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஒட்டடைக்கு எரிச்சலாக வந்தது.

அத்தை தன் போனை எடுத்தாள். எதிர்க்கடைப் பெண் ஒருத்தி நேற்று குழந்தைகள் கரடியோடு நிற்பதைப் படம் எடுத்திருந்தாள். நடுவில் ரொம்ப நேரம் கரடியைக் காணோம், இளைப்பாறப் போயிருக்கும் என்று நினைத்தாளாம். திரும்பி வந்த கரடியை அவள் படம் எடுக்கப் போகும்போதுதான் பின்னால் அலறல் கேட்டது. கரடி தலையைக் கழற்றிய அந்த நொடி படத்தில் விழுந்துவிட்டது.

"பார்த்துச் சொல்லுடா."

ஒட்டடை பார்த்தான். கரடி உடம்பு, அதற்கு மேலே பவுடரின் முகம். அதிர்ச்சியில் வாய் திறந்திருந்தது. மற்றபடி கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரிதான் இருந்தான். பூசியிருந்த பவுடர் ஒரு இடத்தில்கூட வழியவில்லை. கொண்டையில் ஒரு முடி கலையவில்லை.

"அழகா இருக்கார். பொண்ணு பார்க்கலாம்."

"கழுதை. வேர்வை எங்கேடா?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தையின் கழுத்து சிவந்தது, பிறகு முகம், பிறகு நெற்றியில் முத்து முத்தாகத் துளிர்த்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வயதின் கோளாறு. உட்கார்ந்த இடத்தில் திடீரென்று உள்ளே தீப்பிடிக்கும், விசிறியைத் தேடுவாள், அடுத்த நிமிஷம் குளிர்கிறது போர்வை கொண்டா என்பாள். ஒட்டடைக்கோ எந்நேரமும் குளிர். அவர்கள் வண்டியில் ஏசியைப் போடுவதா அணைப்பதா என்பதிலேயே பல கேஸ்கள் கோட்டை விடப்பட்டிருந்தன.

"இதோ பாரு என் லட்சணத்தை," என்றாள், முகத்தைத் துடைத்தபடி. "உடம்புக்குன்னு ஒரு சூடு இருக்கு, அதை விட்டு ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ஏறினா ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், அதான் செவக்கும். அது பத்தலேன்னா வேர்வையைத் திறந்து விடும். காத்து பட்டு அது காய்ஞ்சாதான் குளிரும். எனக்கு ரெகுலேட்டர் கெட்டுப்போனதால சும்மாவே நடக்குது. கரடிக்குள்ள காத்து ஏது? காயாது. காயாதவரைக்கும் உடம்பு ஊத்திக்கிட்டே இருக்கும். இவருக்கு மட்டும் ஊத்தலையா?"

"எனக்கு அவ்வளவா வேர்க்காதுங்க. உடம்பு வாகு," என்றான் பவுடர்.

"அப்படியா! இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்தான். ரெண்டே ரெண்டு பாட்டு ஆடிக் காட்டுங்க, தம்பி. எனக்கும் கரடி ஆட்டம் பார்த்து நாளாச்சு."

இன்ஸ்பெக்டர் வந்தார். அத்தை கூப்பிட்டால் வந்துவிடுவார், ஆனால் கையைப் பிசைந்துகொண்டே வருவார். கரடி ஆட வேண்டும் என்றதும், "மேடம், எனக்கு மேல அதிகாரிங்க இருக்காங்க," என்று முனகினார். மாட்டேன் என்று சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்பது பவுடருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஈரக் கரடிக்குள் காலை விட்டான். விடும்போதே அவன் முகம் அஷ்டகோணலானது. மாலின் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஓடியது. ஆடினான்.

முதல் பாட்டு முடிவதற்குள் கரடி தள்ளாடியது. இரண்டாவது பாட்டு பாதியில் தலையைப் பிடுங்கி எறிந்து, கரடியையும் உரித்துப் போட்டான். ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்வது! பவுடர் வெள்ளைக் கோடுகளாக வழிந்து தாடையிலிருந்து சொட்டியது. கொண்டை நெற்றியில் அப்பிக்கிடந்தது. முகம் வேகவைத்த பீட்ரூட். "தண்ணி, தண்ணி," என்றான். பாட்டிலை வாங்கி மூச்சு விடாமல் குடித்தான். பாதி மார்பில் வழிந்தது. அவனிடமிருந்து கிளம்பிய ஆவி தன்மேல் படாமல் இருக்க ஒட்டடை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"வேர்க்காத உடம்பு வாகா இது?" என்றான். "இதுல ஒரு வயலுக்குத் தண்ணி பாய்ச்சலாமே, சார்."

இன்ஸ்பெக்டர் போனில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தியானம் முழுக்க உள்ளே இருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியேடா? நேத்து நீ இதை மாட்டி ஒரு பாட்டு நேரம்கூட ஆகலையே!"

"அப்ப நேத்து இந்தப் பஞ்சை ஊற வெச்சது யாரு?" என்றாள் அத்தை. முதலாளியம்மா பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் பச்சைப் பூண்டு சாப்பிடுவாரா?"

"தினமும் காலையில. பிரஷருக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. பக்கத்துல படுக்க முடியாது," என்றவள் நிறுத்தினாள். கரடித் தலையைப் பார்த்தாள். "அவரா? அவரா இதுக்குள்ள இருந்தார்?"

பவுடர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆமாக்கா. மாமாதான். கல்லாவுல கையாடல் நடக்குதோன்னு அவருக்குச் சந்தேகம். பேங்குக்குப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பின்னால வந்து என்னைக் கழட்டச் சொல்லி அவர் மாட்டிக்கிட்டார். கரடிக்குள்ள நின்னு அந்தம்மாவைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னார். நீ எங்கேயாவது தொலைஞ்சு போ, யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நான் போய்ட்டேன்."

வேலை செய்கிற ஒருத்தியை நோட்டம் பார்க்க, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஞ்சுக்குள் நின்ற முதலாளி. நல்லா இருக்கிறது குடும்பம்.

"வெந்துபோயிருப்பார்," என்றாள் அத்தை. "கரடியைக் கழட்டிக் கொக்கியில மாட்டிட்டு, வேலைக்காரங்களுக்குக் கூடாதுன்னு தானே தடுத்த இடத்துக்குள்ள போய் நின்னிருக்கார். நனைஞ்ச பனியனோட. சூட்டை வெளியேத்தறதுக்குத் தோலெல்லாம் திறந்து கிடக்கற நேரம் பார்த்து உறைகுளிர்ல! ஈர உடம்புல இருந்து சூடு நிமிஷமா ஓடிடும். அப்புறம் நடுங்க வேண்டியதுதான். அப்ப கல்லாக்காரம்மா வந்திருக்கு. கரடி தொங்குது, கண்ணாடி மறைஞ்சிருக்கு, தாழ் திறந்திருக்கு. பக்கத்துல அட்டை வேற. போட்டுட்டுப் போயிருக்கு."

"அப்ப இது விபத்து," என்றார் இன்ஸ்பெக்டர், நிம்மதியாக.

"ஆமா சார், விபத்துதான்!" பவுடர் அதைப் பிடித்துக்கொண்டான். "நான் திரும்பி வந்தப்ப சரக்கு வண்டி ஹாரன் அடிச்சுது. கரடி சும்மா தொங்குதே, மாமா பார்த்தா திட்டுவாரேன்னு மாட்டிக்கிட்டு ஓடினேன். உள்ளே ஆள் இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் பயந்துட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

"இருக்கலாம்," என்றாள் அத்தை. அவள் முகம் மறுபடி சிவந்துகொண்டு வந்தது. "எனக்கு உள்ளே எரியுது. கொஞ்சம் ஆறிக்கிறேன்." கரடியைக் கொக்கியில் மாட்டினாள், தலையை அதன்மேல் கவிழ்த்தாள். ஒட்டடையின் காதருகே குனிந்தாள். "நான் உள்ளே இருந்து தட்டுவேன். நீ கரடியைப் பார்க்காதே. அவனைப் பாரு."

உள்ளே போனாள். ஒட்டடை தாழ் போட்டான்.

சத்தமே வரவில்லை. அவ்வளவு கனமான கதவு, வெளியே பாட்டு வேறு. ஆனால் கரடி ஆடியது. அத்தை ஒவ்வொரு குத்து விடும்போதும் கரடியின் கை துள்ளியது, தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. உயிரோடு தொங்கவிட்ட பிராணி துடிப்பது போல இருந்தது. முதலாளியம்மா, "ஐயோ," என்று வாயைப் பொத்தினாள்.

ஒட்டடை பவுடரைப் பார்த்தான். அவன் கரடியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், தன் நகத்தைப் பார்த்தான். பிறகு யாரும் கேட்காமலே சொன்னான்:

"நான் எடுக்கறப்ப இப்படி ஆடல சார். நின்னு போயிருந்துச்சு."

"அப்படியா? சரி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன சார் சரி?" ஒட்டடையின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "தொங்கற கரடி தொங்கிட்டுத்தானே இருக்கும்? அது ஆடலேன்னு சொல்லலாம். நின்னு போச்சுன்னு எவன் சொல்லுவான்? ஆடினதைப் பார்த்தவன்தான் சொல்லுவான்!"

கரடி குதித்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு உள்ளே அத்தை இருப்பது சட்டென்று நினைவுக்கு வர, ஒட்டடை பாய்ந்து தாழைத் திறந்தான்.

"சொன்னானா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள் அத்தை. பற்கள் தந்தியடித்தன. உதடு வெளுத்திருந்தது. அவன் தன் துண்டை எடுத்து அவளைப் போர்த்தினான்.

முதலாளியம்மா தம்பிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். கத்தவில்லை. "எவ்வளவு நேரம்டா ஆடுச்சு?"

"அக்கா, எட்டு வருஷமா என்னை அவர்..."

"எவ்வளவு நேரம் ஆடுச்சுன்னு கேட்டேன்."

"ரொம்ப நேரம்." மூக்கை உறிஞ்சினான். "முதல்ல வேகமா. அப்புறம் கொஞ்சமா. நான் ஒண்ணுமே பண்ணலக்கா. தாழைத் தொடக்கூட இல்ல. சும்மா உட்கார்ந்து தலை சீவிக்கிட்டு இருந்தேன்."

தலை சீவிக்கொண்டு! எதிரே கதவில் அக்கா புருஷன் துடிக்கிறான், இவன் கொண்டை வாரியிருக்கிறான். அது அடங்கினதும், செத்துப்போனவனின் வேர்வை என்று நினைத்துக்கொண்டே அந்த ஈரத்துக்குள் நுழைந்து, குழந்தைகளோடு போய் நின்றிருக்கிறான். பழியையும் ஒன்றுமறியாத ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறான். ஒட்டடைக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடம் பார்த்தான். முதலாளியம்மா இடம் பார்க்கவில்லை. தம்பியின் முகத்திலேயே துப்பிவிட்டு எழுந்தாள். "கூட்டிட்டுப் போங்க சார் இவனை. பார்க்க சகிக்கல," என்றாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில் கல்லாக்காரம்மாவை வெளியே விட்டார்கள். பஸ் டிரைவர் அவள் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அத்தை நடந்ததையெல்லாம் சொன்னாள். கல்லாக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டாள். முதலாளி கரடிக்குள் இருந்த இடம் வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"என்னைத் திருடின்னு நெனச்சா நின்னார்?"

"ஆமாம்மா."

"நேத்து கரடி ரொம்ப நேரமா நிக்குதேன்னு நான்தான் போய் ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தேன். பவுடர்னு நெனச்சேன். பாவம், உள்ளே எப்படி வேர்க்கும்னு தோணுச்சு. திரும்பி நின்னு தலையைத் தூக்கிக் குடிச்சுட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துச்சு. ஒரு வார்த்தை பேசல. தலையை மட்டும் ஆட்டுச்சு." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "வாங்கிக் குடிச்சுட்டு, மறுபடியும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னிருக்கார்."



"வா, வீட்டுக்குப் போகலாம்," என்றான் டிரைவர். "அந்த நாத்தம் பிடிச்ச கடைப் பக்கமே நீ இனிமே போக வேண்டாம்."

"ஆஸ்பத்திரி வழியா போங்க," என்றாள் அவள்.

"எதுக்கு? அந்த ஆளைப் பார்க்கவா?"

"அவர் பொழைக்கணும்ங்க. கண்ணைத் திறந்ததும் முதல் ஆளா நான் நிக்கணும். கல்லாவுல எட்டணாவாவது குறைஞ்சிருந்துச்சான்னு அவர் வாயாலேயே கேக்கணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். டிரைவர் பின்னால் ஓடினான்.